அரசியல் பகிர்வுகள் குறித்து உறுப்பினர்களுக்கு ஓர் அறிவிப்பு

அன்புள்ள சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரங்கள்.

ஜெபக் குறிப்புகளையும் ஆராதனை நேரங்களையும் பகிர்வதற்காகத் தொடங்கிய நம் குழுவில், கடந்த சில வாரங்களாக அரசியல் காணொளிகளே மிகுதியாக வருவதையும், அதனால் நெடுநாள் நண்பர்கள் இருவர் மனம் வருந்தி ஒரே நாளில் விலகிவிட்டதையும் தாங்கள் அறிவீர்கள். அவற்றுள் மூன்றை நானும் முழுவதும் பாராமலேயே அனுப்பியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்கு நேரமும் கைப்பேசியும் சேர்ந்து வாய்த்தால் இப்படித்தான் ஆகிறது.

அரசியலே பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இயேசுவின் பன்னிரு சீடர்களுள் வரி வசூலிக்கும் ஆயக்காரராயிருந்த மத்தேயுவும் இருந்தார், செலோத்தே எனப்பட்ட சீமோனும் இருந்தார். அப்பெயருக்கு வைராக்கியம் உடையவர் என்று பொருள். ரோம ஆட்சியை வெறுத்தவர் என்று பலர் கருதும் அவரும், அந்த ஆட்சிக்கு இசைந்த தொழிலிலிருந்து வந்தவரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம், அங்கே என்னென்ன வாக்குவாதங்கள் நடந்திருக்குமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரம், அதிகாரத்தில் உள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது; நமக்குப் பிடித்த கட்சியினருக்காக மட்டும் என்று அதில் இல்லை.

ஆகவே, வரும் ஞாயிறு முதல் கட்சி சார்ந்த காணொளிகளையும், எழுதியவர் யாரென்றே தெரியாத செய்திகளையும் இங்கே பகிர வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். பேச விரும்புவோர் ஆராதனை முடிந்தபின் முகம் பார்த்துப் பேசலாம். விலகிய இருவரையும் நானே அழைத்துப் பேசுகிறேன்; என் பங்குக்கு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.