பனி நாட்டுக் கோச்சியும் எங்கள் மாரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடுங்குளிர் நாடுகளில் உள்ளூர்ப் பயணிகள் ரயிலைப் பனிக்கு ஏற்றபடி எப்படித் தயார் செய்கிறார்கள் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை, திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு பேர் மாறி மாறி வாசித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உப்புவெளியில எப்ப பனி கொட்டப்போகுது, இதை ஏன் எங்களுக்குப் போடுறாங்கள்?" என்றார். அந்த நேரம் எனக்குப் பதில் வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் வந்தது.

நான் துறைமுகப் பக்கத்து இயந்திரத் திருத்தகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்தவன். சில வருடங்களுக்கு முன் ஒஸ்லோவில் இருக்கும் தங்கச்சி வீட்டில் ஒரு ஜனவரி மாதம் நின்றேன். வெளியே மைனஸ் 17. ரயில் வந்து நின்றது, கதவு திறக்கவில்லை. பழுதாக்கும் என்று நினைத்தேன். மச்சான் கையுறையோடு பச்சை விளக்கு எரிந்த பொத்தானை அமத்தினார். அந்த ஒரு கதவு மட்டும் திறந்தது. ஏறுகிற ஆள் இல்லாத கதவைத் திறந்து பெட்டிக்குள் இருக்கும் சூட்டை ஏன் வெளியே விட வேண்டும்? ஏறியதும் வாசலடியில் எல்லாரும் சப்பாத்தை உதறினார்கள். உருகிய பனி ஓடித் தேங்காமல் போக அங்கே வழி வைத்திருந்தது. இறங்கும்போது மச்சான் "கீழ பாருங்கோ" என்றார். சில்லுகளுக்கு மேலே, பெட்டியின் வயிற்றில், உரல் அளவில் ஐஸ் இறுகித் தொங்கியது.

அந்த ஐஸ் சும்மா தொங்கும் சாமான் கிடையாது. வேகமாகப் போகும்போது கழன்று விழுந்தால் தண்டவாளத்துச் சல்லிக்கல் கிளம்பிக் கண்ணாடியை உடைக்கும். 1964இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் டோக்கைடோ புல்லட் ரயிலுக்கு இந்தத் தொல்லை இருந்தது. பனி அதிகம் விழும் செக்கிகஹாராப் பகுதியில் பாதை நெடுகக் குழாய் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். நனைந்த பனி பாரமாகிப் படிந்துவிடும், கிளம்பி ஒட்டாது. வடக்கு ஐரோப்பாவில் சில பணிமனைகளில் லேசில் உறையாத கிளைக்கோல் திரவத்தைச் சூடாக்கி அடிப்பக்கம் பீய்ச்சி ஐஸை இறக்குகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வேலை இதைவிட அதிகம். குளிரில் டீசலுக்குள் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும், அதற்கு வேறு டீசல். றப்பர் விறைத்து வெடிக்கும், அதற்கு வேறு றப்பர். கிறீஸும் அப்படித்தான். எனக்குப் பிடித்தது பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாய். காற்றை அமுக்கினால் அதிலிருக்கும் ஈரம் தண்ணீராகப் பிரியும். அங்கே அந்தத் தண்ணீர் குழாய்க்குள் உறைந்து வாயிலை அடைக்கும் என்பதால் காற்றை உலர்த்தியே உள்ளே அனுப்புவார்கள். இங்கே அதே தண்ணீர் உறையாது, இருந்து துருப்பிடிக்க வைக்கும். எங்கள் காற்றில் ஈரம் அவர்களுடையதைவிட எத்தனையோ மடங்கு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

பெரிய நாடுகளும் இதில் கோட்டை விட்டிருக்கின்றன. 2009 டிசம்பர் 18 இரவு, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்துக்குள் ஐந்து யூரோஸ்டார் ரயில்கள் செத்து நின்றன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள் உள்ளே. 1994 முதல் எத்தனையோ குளிர்காலம் கண்ட வண்டிகள் அவை. அந்த வருடம் விழுந்த பனி மா மாதிரி நைசாக இருந்ததால் காற்று வாங்கும் இடத்து வலையைத் தாண்டி எஞ்சினுக்குள் போய்விட்டது. வெளியே இருந்தவரை ஒன்றும் ஆகவில்லை. சுரங்கத்தின் வெப்பத்தில் அது உருகியதும் மின்கருவிகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. பனி என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. எந்த மாதிரிப் பனி என்பதும் வேண்டும் போலிருக்கிறது.

எங்களுக்கு எந்த மாதிரி மழை? ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை, வாடைக்காற்றோடு பக்கவாட்டில் அடிக்கும் மழை. கூரையைப் பார்த்து வராது, யன்னலைப் பார்த்து வரும். ஒரு மார்கழி இரவில் கொழும்பில் இருந்து வந்தேன். எந்த வண்டி, எந்தத் தேதி என்பதெல்லாம் வேண்டாம். கல்லோயாச் சந்தி தாண்டியதும் மழை பிடித்தது. யன்னல் ஷட்டரை நானும் முன்னால் இருந்த தம்பியும் சேர்ந்து இழுத்தோம், நாலு விரல் இடைவெளியில் இறுகிவிட்டது. கந்தளாய்க்கு வரமுன் ஆசனம் பஞ்சோடு நனைந்துவிட்டது. எழும்பி நின்றால் காலடியில் தண்ணீர் பெட்டி ஆடுகிற பக்கமெல்லாம் ஓடுகிறது. ஒரு அம்மா பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சொப்பிங் பையைக் கிழித்து இடைவெளியில் அடைத்தார். அவர் அடைத்த விதத்தைப் பார்த்தால் முதல் தடவை செய்கிறவர் மாதிரித் தெரியவில்லை. தம்பலகாமம், சீனக்குடா எல்லாம் நின்றபடியே வந்தோம். வேடிக்கை என்னவென்றால், சித்திரையில் அதே மாதிரி ஷட்டர் திறக்க மாட்டேன் என்று நிற்கும்.

இதோடு உப்பு. கடற்கரை ஊரில் நிற்கும் இரும்புக்கு என்ன நடக்கும் என்பதைத் திருத்தகத்தில் தினமும் பார்த்தவன் நான். கையால் தட்டினால் பொரிப் பொரியாக உதிரும்.

வெளிநாட்டில் செய்த வண்டி எங்கள் ஊருக்குச் சரிவராது என்றும் நான் சொல்ல வரவில்லை. கொழும்புத் திட்டம் என்ற பொதுநலவாய நாடுகளின் உதவித் திட்டத்தில் 1954 முதல் கனடாவில் இருந்து டீசல் எஞ்சின்கள் வந்தன, எம்2 என்பார்கள். பலவற்றுக்கு அந்த நாட்டு மாகாணங்களின் பெயர். சின்ன வயதில் ஸ்டேஷனில் ஒன்றின் பக்கத்தில் 'ஒன்ராறியோ' என்று பார்த்துவிட்டு, யாரோ வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர் என்று கன நாள் நினைத்திருந்தேன். பனிக்குள் இருக்கும் தொழிற்சாலையில் செய்த எஞ்சின் எங்கள் வெயிலில் அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது. எந்த நாட்டுக்குப் போகிறது என்று தெரிந்து செய்தார்கள், இங்கே கவனமாகப் பார்த்தும் வைத்தார்கள்.

வியன்னாவில் முழு ரயில் பெட்டியையும் உள்ளே விட்டுச் சோதிக்கும் நூறு மீற்றர் நீளக் காற்றுக் கூடம் ஒன்று இருக்கிறது. மைனஸ் 45இல் இருந்து 60 பாகை வெப்பம் வரை வைப்பார்கள். பனி, வெயில், மழை எல்லாம் அங்கேயே உண்டாக்குவார்கள். குளிர்நாட்டுக்காரர் வண்டி வாங்கும்போது எத்தனை பாகைக் குளிர், எவ்வளவு பனி என்று கேள்விப் பத்திரத்தில் எழுதி, சோதித்துக் காட்டு என்கிறார்கள். 1927இல் திறந்த எங்கள் திருகோணமலை ரயில் பாதைக்கு அடுத்த பெட்டி வாங்கும்போதும் அப்படி எழுதலாம்: பக்கவாட்டு மழை, உப்புக் காற்று, முப்பத்தைந்து பாகை வெயில், வெள்ளம் தண்டவாள மட்டத்துக்கு வரும் நாட்கள். எழுதியதைப் பொதுமக்களும் வாசிக்கும்படி பேப்பரில் போடலாம்.

வியன்னா வரை போகக் காசில்லை என்றால் சரி, திருகோணமலை ஸ்டேஷனில் புதுப் பெட்டியை நிறுத்தி, கையெழுத்து வைக்க முதல், ஒரு மணி நேரம் பக்கவாட்டில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கையெழுத்து வைக்கிறவர் யன்னலோர ஆசனத்தில் இருக்கட்டும். தண்ணீர் பவுசருக்கு எங்கள் ஒழுங்கையில் காசு சேர்த்துத் தருகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே ஆயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லிவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற திருத்தகத் தொழிலாளி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.