நொட்டாங்கைக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தயாளா,

கவர் மேலிருக்கும் கையெழுத்தைப் பார்த்து எவனோ கடன்காரன் என்று பிரிக்காமல் வைத்துவிடாதே. நான்தான். ஏழு வாரமாக வலது கையில் மாவுக்கட்டு. போன திங்கட்கிழமைதான் பிரித்தார்கள். உள்ளேயிருந்து வந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. வெளுத்து, தோல் உரிந்து, ஊறப்போட்டு மறந்த பொருள் மாதிரி இருக்கிறது. பேனா பிடித்தால் 'ழ' போடும்போது மட்டும் மணிக்கட்டில் சுரீர் என்கிறது. அதனால் வாழ்த்து, புகழ்ச்சி எல்லாம் இந்தக் கடிதத்தில் எதிர்பார்க்காதே.

விழுந்தது காசிமேட்டில். விடிகாலை, வஞ்சிரம் விலை கேட்டேன். அந்தம்மா சொன்ன விலையில் இரண்டடி பின்னால் போனேன். பின்னால் ஐஸ் தண்ணி. அவ்வளவுதான் கதை. மாலிக்கிடம் கேட்டால் நான் சுறாவோடு சண்டை போட்டதாகச் சொல்வான், நம்பாதே.

ஏழு வாரமும் இடது கையில் ஸ்பூன். முதல் நாள் இட்லியைப் பிய்க்கத் தெரியாமல் தட்டைவிட்டுத் தரையில் தள்ளினேன். சரோஜா குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னாள்: "நாப்பது வருஷமா இடதுசாரின்னு சொல்லிக்கினு திரிஞ்சியே, ஒரு இட்லிக்கு இடது கை வரலையே." தெருவே சிரித்தது. நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பாய்.

மற்றபடி எல்லாரும் சௌக்கியம். ஏகாம்பரத்துக்கு ஒரு கண் ஆபரேஷன் முடிந்தது. இன்னொரு கண்ணை அடுத்த வருஷத்துக்கு வைத்திருக்கிறான், 'ரெண்டு கண்ணும் தெரிஞ்சா பெண்டாட்டியோட சண்டை வரும்' என்று. பேத்தி யூகேஜி. மழை வந்தால் எங்கள் தெரு வழக்கம்போல்தான். அரை பரோட்டா கேஸ் இன்னும் தீர்ப்பாகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாலிக் மகன் கல்யாணத்தில் நடந்ததற்கு ஐந்து மாதம் ஆகிறது. துறைமுகத்தைத் தனியாருக்குக் கொடுப்பது பற்றித்தான் ஆரம்பித்தோம். நீ ஏதோ சொன்னாய், நான் பிரியாணித் தட்டோடு எழுந்து நின்று "நீ வலதுசாரி ஆயிட்டேடா" என்று பந்தியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். நீ தட்டை மூடிவைத்துவிட்டுப் போனாய். தால்ச்சா ஊற்ற வந்த பையன் உன் காலி நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பார்வை இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. போனில் பேசலாம் என்றால் நீ கட் பண்ணுவாய், இல்லாவிட்டால் நான் மறுபடி கத்துவேன். அதனால்தான் கடிதம்.

கட்டுப் போட்ட கையோடு சும்மா இருக்க முடியவில்லை. கன்னிமாரா நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். உன்மேல் நான் வீசின அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். உண்மையைச் சொன்னால், நான் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான் போனேன்.

1789, பாரிசுக்குப் பக்கத்தில் வெர்சாய். ஜனங்களின் பிரதிநிதிகள் கூடிப் புது அரசியல் சட்டம் எழுதுகிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு கேள்வி வருகிறது: சபை போடுகிற சட்டத்தை வேண்டாம் என்று தள்ளுகிற அதிகாரம் ராஜாவுக்கு இருக்கலாமா? இருக்கலாம் என்றவர்கள் தலைவர் நாற்காலிக்கு வலப்பக்கம் போய் உட்கார்ந்தார்கள், கூடாது என்றவர்கள் இடப்பக்கம். வலப்பக்கம் உட்கார்ந்த பிரபு ஒருவர் டைரி எழுதி வைத்திருக்கிறார். ஏன் அங்கே போனோம் என்று அவர் சொல்லும் காரணத்தைக் கேள்: மதத்துக்கும் ராஜாவுக்கும் விசுவாசமானவர்கள் வலப்பக்கம் ஒதுங்கினார்களாம், எதிர்ப்பக்கத்துக் கூச்சலையும் கெட்ட வார்த்தையையும் காதில் வாங்காமல் இருக்க! அவர் பெயர் கோவில். சத்தியமாகடா, பாரன் டி கோவில்.

ஆக ஆதியில் அது கொள்கை கூட இல்லை. பக்கத்தில் கத்துகிறவனிடமிருந்து தப்பிக்க இடம் மாறி உட்கார்ந்ததுதான். நீ கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து போனாயே, அதே.

செப்டம்பர் 11ஆம் தேதி ஒருவழியாக முடிவுக்கு வந்தார்கள். ராஜா சட்டத்தைத் தள்ளிப்போடலாம், ஒரேயடியாகக் கொல்ல முடியாது. நம்ம ஏரியா பஞ்சாயத்து மாதிரி இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே போகிற தீர்ப்பு. சபை பிறகு பாரிசுக்கு மாறி, ஒரு குதிரையேற்றப் பள்ளிக் கட்டடத்தில் கூடியது. உட்கார்ந்த பக்கம் மட்டும் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச காலத்தில் உட்காருகிற இடத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தில் உள்ளூர் அரசியலுக்கு இந்த வார்த்தைகள் சகஜமாக 1920, 30கள் வரை ஆனது. அதற்குள் 'விங்' வேறு சேர்ந்துகொண்டது, பட்டாளம் சிறகு மாதிரி இரண்டு பக்கம் விரிந்து நிற்குமே, அந்த விங். வியாசர்பாடிப் பையன்களிடம் லெஃப்ட் விங் என்று சொல்லிப் பார், பந்தை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிடுவான். அவன்தான் அந்த வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொண்டவன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

இதையெல்லாம் தமிழில் யோசித்துப் பார்த்தேன். நமக்கு 'இடம்' என்றாலே இரண்டும்தான்: உட்காருகிற இடமும் இடம், இடப்பக்கமும் இடம். வெள்ளைக்காரன் நூறு பக்கம் எழுதி விளக்குவது நம்மிடம் மூன்றெழுத்தில் கிடக்கிறது. (இதை ஏகாம்பரத்திடம் சொன்னேன். ஒரு கண்ணால் முறைத்தான்.)

இதைவிட ஒன்று இருக்கிறது, கேள். இடது வலது என்று ஊர் இரண்டுபட்டு அடித்துக்கொள்வதற்கு நாம் பிரான்சிலிருந்து எதையும் இறக்குமதி செய்ய வேண்டியிருக்கவில்லை. சோழர் கல்வெட்டிலேயே இடங்கை, வலங்கை உண்டு. ஜாதிகளை இரண்டு கையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பேரிச் செட்டிகளும் கம்மாளர்களும் இடங்கை, கோமுட்டிச் செட்டிகளும் வேளாளர்களும் வலங்கை என்று நீளும். யார் வெள்ளைக் குடை பிடிக்கலாம், எவன் கல்யாண ஊர்வலம் எந்தத் தெருவில் போகலாம் என்பதற்கெல்லாம் வெட்டு குத்து. சென்னைப் பட்டணம் ஆரம்பித்துப் பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில், 1652லேயே ஒரு பெரிய கலவரம். 1707ல் மறுபடி, நீயும் நானும் சைக்கிளில் ரைஸ் மில்லுக்குப் போய்வந்த அதே பெத்துநாயக்கன்பேட்டைத் தெருக்களுக்காக. கோட்டையில் அப்போது கவர்னர் தாமஸ் பிட். இந்தக் கைக்கு இந்தத் தெரு, அந்தக் கைக்கு அந்தத் தெரு என்று பிரித்துக் கொடுக்கப் பார்த்தார். வலங்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு கூட்டமாகச் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். தட்டை மூடிவைத்துவிட்டுப் போகிற வழக்கம் உன்னிடம் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்துகொள்.

அந்த பிட்டை அத்தோடு விட முடியவில்லை. மனுஷன் 1701, 02 வாக்கில் ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட்டில் ஒரு கோல்கொண்டா வைரத்தை 20,400 பவுண்டுக்கு வாங்கினான். பட்டை தீட்டி 1717ல் பிரான்ஸ் ராஜ குடும்பத்துக்கு 1,35,000 பவுண்டுக்குத் தள்ளிவிட்டான். 1775ல் பதினாறாம் லூயி முடிசூடியபோது கிரீடத்தில் இருந்தது அந்தக் கல்தான். எந்த லூயி? எவனுக்கு அதிகாரம் இருக்கலாமா கூடாதா என்று சபை இடமும் வலமுமாகப் பிரிந்ததோ, அந்த லூயி. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தம் கிடையாது, தற்செயல். ஆனாலும் நம்ம கோட்டையில் இடங்கை வலங்கைப் பஞ்சாயத்து பண்ணினவன் விற்ற கல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்றதும் கன்னிமாராவில் சத்தமாக "அடப்பாவி" என்றுவிட்டேன். பக்கத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விட்டாள். வலப்பக்க மேஜைக்கு.

இப்போது நான் கத்தின வார்த்தைக்கு வருகிறேன். 1848ல் பிரெஞ்சு சபையில் பாஸ்தியா என்று ஒருவர் இருந்தார். அரசாங்கம் வியாபாரத்தில் கை வைக்கக் கூடாது, வரி போட்டு உள்ளூர்க்காரனைக் காப்பாற்றக் கூடாது என்று ஆயுசு முழுக்க எழுதினவர். அவர் உட்கார்ந்தது இடப்பக்கம்! அப்போது இடது என்றால் ராஜாவுக்கும் பிரபுக்களின் சலுகைக்கும் எதிரி, அவ்வளவுதான். பின்னால் சோஷலிஸ்டுகள் வந்து இடது ஓரத்தை நிரப்ப நிரப்ப, ஏற்கெனவே இருந்தவர்கள் எழுந்திருக்காமலே வலப்பக்கம் நகர்ந்துபோனார்கள், பஸ் சீட்டில் மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்த மாதிரி. ரஷ்யாவில் இதைவிடக் கூத்து. கோர்பசேவ் காலத்தில் பழைய கம்யூனிசத்தை விடமாட்டேன் என்றவர்களை வலது என்றும், அதை மாற்று என்றவர்களை இடது என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்ம லோக்சபாவிலோ ஆளுங்கட்சி சபாநாயகருக்கு வலப்பக்கம், எதிர்க்கட்சி இடப்பக்கம். தேர்தலில் தோற்றால் யாராயிருந்தாலும் இடதுதான்.

இவ்வளவு தூரம் ஏன், நம்ம வீட்டையே எடுத்துக்கொள். 1964 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சியின் தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியே போனார்கள், கட்சி உடைந்தது. உன் அப்பா கதிர் அரிவாளோடு இருந்துவிட்டார், என் அப்பா சுத்தியல் நட்சத்திரத்துக்குப் போனார். ஊரில் என்ன பெயர்? உன் அப்பா 'வலது', என் அப்பா 'இடது'. துறைமுகத்தில் ஒரே கூலிக்கு மூட்டை தூக்கி, ஒரே கொடியைப் பிடித்து, ஒரே லாக்கப்பில் படுத்தவர்கள். இன்றைக்குப் பேப்பர்காரனைக் கேட்டால் இரண்டு பேருமே இடதுசாரி என்பான். ஆக உங்கள் குடும்பத்தை 'வலது' என்று கூப்பிட்டது நான் முதல் ஆள் இல்லை. என் அப்பா.

உன் அப்பா செத்த அன்றைக்கு நீ பந்தலுக்குள் தலைமாட்டில் இருந்தாய், இதைப் பார்த்திருக்க மாட்டாய். எங்கப்பா உள்ளே வரவில்லை. எதிர்வாடையில், மூடியிருந்த டெய்லர் கடைப் படியில் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். "எனக்கு இங்கேயே நல்லாத் தெரியுது" என்றார். பாடையைத் தூக்கியதும் கூட்டத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, தனியாக மூலக்கொத்தளம் வரை நடந்தே வந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பதினைந்து வருஷம் இரண்டு பேரும் பேசாமல் இருந்ததற்கு என்னடா காரணம்? நீ சீனாவின் பீக்கிங் பக்கமா, ரஷ்யாவின் மாஸ்கோ பக்கமா என்று யாரோ கேட்டது. இருவரும் மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை.

கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்த ஏழு வாரத்தில் எனக்கு அந்தக் கடைப்படிதான் திரும்பத் திரும்ப வந்தது. போதும், விடு.

உன் துறைமுகக் கருத்து தப்பு என்றுதான் இன்னமும் சொல்கிறேன், அதில் மாற்றம் கிடையாது. நேரில் வா, புள்ளிவிவரத்தோடு அடிக்கிறேன். ஆனால் பழைய பென்ஷன் வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவன் நீ. மியூச்சுவல் ஃபண்டில் மாசாமாசம் பணம் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் திருவொற்றியூர் கோயிலுக்குப் போகிறவன் நான். நம் இரண்டு பேரையும் வெர்சாய் மண்டபத்தில் விட்டிருந்தால் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே டீ குடித்துக்கொண்டு நின்றிருப்போம். அந்த வார்த்தையை உன்மேல் நான் போட்டிருக்கக் கூடாது. அதுவும் பந்தியில்.

கேரம் போர்டு மாலிக் வீட்டு மாடியில்தான் இருக்கிறது, பவுடர் புதுசு. எதிரும் புதிருமாகத்தான் உட்கார வேண்டும், உன் இடது எனக்கு வலது. என் கை இன்னும் ஒரு மாசத்துக்குச் சுண்டாது, அதனால் நீ ஜெயிப்பாய். மூன்றாம் கிளாஸில் ஸ்கேலால் முட்டியில் அடித்து நீ எழுதுகிற கையை மாற்றினார்கள், உங்க ஆயா சாப்பிடுகிற கையை மாற்றினார்கள், ஸ்ட்ரைக்கர் பிடிக்கிற கையை மட்டும் எவனாலும் மாற்ற முடியவில்லையே.

கோயம்புத்தூரிலிருந்து சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் இறங்கு. நாங்கள் வீடு மாறிவிட்டோம், உனக்குத் தெரியாது. ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்ததும் யாரையாவது வழி கேட்டால் சோத்தாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று குழப்புவார்கள். உனக்கு அது சரிப்படாது. கேரம் ஆடுகிற கைப் பக்கம் திரும்பு, மூன்றாவது சந்து, இஸ்திரி வண்டி நிற்கும்.

இப்படிக்கு,
குமரேசன்

பி.கு: வஞ்சிரம் கிடையாது. சங்கரா வாங்கி வைக்கிறேன்.