கொள்ளிடக் கரையில் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

கல்லணைக்குக் கிழக்கே கொள்ளிடக் கரையில் நடந்த மவுண்டன் சைக்கிள் பந்தயத்தில் ஒரு வீரர் விழுந்து காறையெலும்பு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் முன்பக்கம் இருக்கும் எலும்பு) முறிந்தது. அப்போது ஓடிவந்த எல்லோருக்கும் பந்தயக் குழுவின் வணக்கமும் நன்றியும். பொதுவாக நன்றி சொல்லி முடிக்க மனம் வரவில்லை. நீங்கள் செய்த காரியங்கள் எதனால் சரியானவை என்பதையும் எழுதிவைத்தால் அடுத்த ஊர்க்காரர்களுக்கும் உதவும்.

விழுந்த இடம், கரையிலிருந்து படுகைக்கு இறங்கும் வண்டிப்பாதையின் வளைவு. மேலே இரண்டு விரல்கடை மணல், அடியில் காய்ந்து இறுகிய களிமண். அப்படிப்பட்ட தரையில் டயரின் பற்கள் களியைக் கவ்வாது. வளைக்கும்போதே முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும், உடம்பின் பாரம் முழுக்கத் தோளில் இறங்கும். காறையெலும்பு முறிவதும் அதனால்தான்.

வாழைக்கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாக்களுக்கு முதல் நன்றி. நம் பக்கத்தில் யாராவது விழுந்தால் கைத்தாங்கலாகத் தூக்கி உட்காரவைத்து சோடா கொடுப்பதுதான் வழக்கம். நீங்கள் தூக்கவில்லை. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, "அப்படியே இருங்க தம்பி, திரும்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கழுத்துப் பக்க முதுகெலும்பில் அடி இருக்குமோ என்ற சந்தேகம் தீரும்வரை செய்ய வேண்டியது இதுதான். மூச்சு சீராக இருந்ததால் ஹெல்மெட்டையும் யாரும் உருவவில்லை. இளநீர் சீவி வைத்திருந்தவர்கூட டாக்டர் சொல்லட்டும் என்று கொடுக்காமல் நின்றார். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டுமே!

பந்தயத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறி ஓடி, பின்னால் வந்தவர்களை நிறுத்திய இரண்டு வீரர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். வளைவுக்குள் கிடப்பவர் மேலிருந்து வருபவர் கண்ணுக்குப் படமாட்டார்.

108-க்குப் பேசியவர் "கொள்ளிடக் கரை" என்று மட்டும் சொல்லாமல் ஊர்ப் பெயர், பக்கத்துக் கோயில், எந்த மதகு ஷட்டரிலிருந்து எந்தத் திசை என்று சொன்னார். பிறகு ஒரு பையனைத் தார் ரோட்டுக்கு அனுப்பி நிற்கவைத்தார். கரையில் கதவு எண் ஏது, தெருப் பெயர் ஏது? வண்டி தடுமாறாமல் வந்ததற்கு அவரே காரணம்.

தோளுக்குத் தூளி கட்டியது ஒரு பெரியவரின் நாலு முழத் துண்டு. குறுக்காக மடித்து, முழங்கையைத் தாங்கி, மணிக்கட்டு முழங்கையைவிடச் சற்று உயர இருக்கும்படி கழுத்தின் மறுபுறம் முடிச்சுப் போட்டார்கள். இன்னொரு துண்டால் கையையும் மார்பையும் சேர்த்துத் தளர்வாகச் சுற்றினார்கள். கட்டிய பின் விரல் நகத்தை அழுத்திப் பிறகு விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கட்டைத் தளர்த்த வேண்டும். எக்ஸ்ரே பார்க்கும் முன் இறுக்கிக் கட்டுவதோ எண்ணெய் போட்டு நீவுவதோ கூடாது. உடைந்த முனை நரம்பையும் ரத்தக்குழாயையும் குத்திவிடும்.

சிராய்ப்புக்கு வாய்க்கால் தண்ணீரைத் தொடாமல் போர் மோட்டாரைப் போட்டுவிட்ட விவசாயிக்குத் தனியாக நன்றி. ஓடும் நல்ல தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் மண் போகக் கழுவுவதுதான் பாதி வைத்தியம். மஞ்சளும் காப்பித்தூளும் வைத்தால் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் மறுபடி சுரண்ட வேண்டிவரும். டெட்டனஸ் ஊசியை மறக்கக் கூடாது. எலி நடமாடும் வயல் சேறு புண்ணில் பட்டிருந்தால், அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ வந்ததும் டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சலாக இருக்கலாம்.

அவசரப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும் எலும்போடு விடாமல் தலையையும் பார்த்தார்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், குழறும் பேச்சு, இரண்டு கண்மணியும் ஒரே அளவில் இல்லாதது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கூட்டிவரச் சொன்னார்கள். வீட்டார் முறைவைத்துக் கண்விழித்துப் பார்த்துக்கொண்டார்கள்.

சைக்கிளைச் சரிபார்த்துக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் கூலி வாங்கவில்லை. கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் டீரெய்லியர் தொங்கும் கொக்கி, அதாவது ஹேங்கர், உள்பக்கம் வளைந்திருந்தது. அதைக் கவனிக்காமல் பெரிய பல்சக்கரத்துக்குக் கியர் மாற்றினால் டீரெய்லியர் சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்து பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிரேக் டிஸ்க்கின் நெளிவை நிமிர்த்தி, திரும்பிப்போன ஹேண்டிலை நேராக்கி, போல்ட்டுகளைக் கணக்காக 5 நியூட்டன் மீட்டரில் முறுக்கியிருக்கிறார். ஹெல்மெட்டை மட்டும் வெட்டிப் போட்டுவிட்டார். உள்ளேயிருக்கும் தெர்மோகோல் ஒரு அடியைத்தான் தாங்கும், வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மறுபடி உதவாது.

நலம் விசாரிப்பவர்களுக்கு: வீரர் தேறிவருகிறார். கை இன்னும் தூளியில் இருக்கிறது, விரலையும் முழங்கையையும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு கூடியது எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகே சைக்கிள். கூட்டத்தில் மிதிபட்ட வாழைக்கன்றுகளுக்கும் சாய்ந்த வேலிக்கும் ஆன செலவைக் குழு கொடுக்கிறது. கொல்லைக்காரர் வேண்டாம் என்றாலும் விடுவதாக இல்லை.

நன்றியுடன்,
பந்தயக் குழுவினர்