சின்ன வெங்காய விவசாயிகள் சங்கம்: 2024–25 செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செட்டிகுளம் சுற்றுவட்டாரத்திலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சந்தா, வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருஷம் சங்கம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்றுதான், கணக்கு நோட்டு. அதைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

போன கூட்டத்தில் ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்து, விதை வாங்கிய நாளிலிருந்து கடைசி மூட்டை போகும்வரை எழுதச் சொன்னோம். பல நோட்டுகள் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டன. சிலர் உரம், மருந்தோடு நிறுத்திக்கொண்டார்கள். முழுசாக வந்தவை எல்லாம் வீட்டுப் பெண்கள் எழுதியவை. இதை மறைக்க ஒன்றுமில்லை.

அவற்றைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது விதைச் செலவு. ஏக்கருக்கு 600 கிலோ விதை வெங்காயம், அதாவது அப்படியே ஊன்றும் வெங்காயம், வேண்டும். கிலோ 30 ரூபாய் என்றால் 18,000 ரூபாய். 80 ரூபாய் என்றால் 48,000. உழவு கூலி கொடுப்பதற்கு முன்பே இவ்வளவு வித்தியாசம். நாம் எப்போது போட்டி போட்டு நடுகிறோம்? விலை ஏறியிருக்கும்போதுதான். உச்ச விலைக்கு விதை வாங்கி, எழுபது நாள் கழித்து ஊரே அறுக்கிற நேரத்தில் நாமும் மூட்டை பிடிக்கிறோம். அப்புறம் மண்டிக்காரரைத் திட்டுகிறோம்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ ஆன் 5 ரகத்தை விதையாகவே வாங்கி நாற்று விட்டு நடலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ விதை போதும். ஆனால் நாற்றங்காலிலேயே 45 நாள் போய்விடும், கூடுதல் தண்ணீரும் ஆளும் வேண்டும். இரண்டு பேர் முயன்றார்கள். ஒருவருக்கு நன்றாக வந்தது. இன்னொருவருக்கு மழையில் நாற்று அழுகிவிட்டது. எல்லாரும் இதற்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விதை வெங்காயம் எட்டாத விலைக்குப் போகும் வருஷத்துக்கு இந்த வழி கையில் இருக்கட்டும்.

அடுத்தது வீட்டு ஆள் கூலி. ஒரு நோட்டில் "லாபம்" என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா நடவுக்கும் களைக்கும் தாள் அறுக்கவும் எத்தனை நாள் வயலில் நின்றார் என்று கேட்டு, பக்கத்து வயலில் கொடுக்கும் கூலியையே போட்டுப் பார்த்தோம். லாபம் காணாமல் போய்விட்டது. அவர் சிரித்தார், வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மத்திய அரசின் விலை ஆணையமே குடும்ப உழைப்பைச் செலவில் சேர்க்கிறது, சொந்த நிலத்துக்குக் குத்தகையும் போட்ட முதலுக்கு வட்டியும் சேர்த்து இன்னொரு கணக்கும் போடுகிறது. அந்தக் கணக்கு ஆதார விலை உள்ள பயிர்களுக்கு. வெங்காயத்துக்கு ஆதார விலை கிடையாது, ஆகவே நம் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

அறுத்த வெங்காயத்தை விலை வரும்வரை சேமித்து வைக்கும் பட்டறை விஷயத்தில் இந்த வருஷமும் சண்டை நடந்தது. "பட்டறை போட்டால் விலை கிடைக்கும்" என்று ஒரு பக்கம், "அழுகினால் யார் பொறுப்பு" என்று இன்னொரு பக்கம். கணக்கு இதுதான்: இன்று 30 ரூபாய்க்குப் போகிற வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு, காய்ந்தும் அழுகியும் கால்வாசி போய்விட்டால், 40 ரூபாய்க்கு விற்றால்தான் இன்றைய காசு கைக்கு வரும். கடன் வட்டி அதற்கு மேல். வேர் அழுகலோ திருகல் நோயோ பட்ட வயலின் வெங்காயத்தைப் பட்டறைக்குக் கொண்டு போகவே வேண்டாம்.

மண்டி முன்பணம் பற்றி மூன்று புகார் வந்தது. முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்கே சரக்கைப் போட வேண்டியிருக்கிறது. விலையும் கழிவும் அவர்கள் சொல்வதுதான். ஒருவருக்கு எடையிலும் குறைந்தது. அதற்காகத்தான் சங்கம் மின்னணுத் தராசு வாங்கியது. ஆனால் முன்பணத்தின் பிடி தராசால் விடாது. முன்பணத்துக்குப் பதில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க் கடன் வாங்கித் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. தவணை தவறி அந்தச் சலுகையை இழந்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

ஏற்றுமதி விஷயம் நம் கையில் இல்லை. 2023 ஆகஸ்டில் 40 சதவீதத் தீர்வை, டிசம்பரில் தடை, 2024 மே மாதம் தடை நீங்கினாலும் தீர்வை தொடர்ந்தது. செப்டம்பரில் 20 சதவீதமாகி, 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கியது. பெரிய வெங்காயத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை நமக்கும் சேர்த்தே விழுந்தது. பெங்களூரு ரோஸ் வெங்காயத்துக்கு மட்டும் 2023 செப்டம்பரிலேயே தீர்வை விலக்குக் கிடைத்தது. இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற நம் வெங்காயத்தை ஏன் பெரிய வெங்காயத்திலிருந்து தனியாகப் பார்க்கவில்லை என்று மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் கூட்டம் முடிந்ததும் போட்டுவிட்டுப் போங்கள்.

பயிர்க் காப்பீடு விளைச்சல் குறைந்தால்தான் தரும், விலை சரிந்தால் தராது. தோட்டப் பயிருக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 5 சதவீதம் வரை. இது தெரிந்தே கட்டுங்கள்.

புரட்டாசிப் பட்டத்துக்கான புது நோட்டுகள் வாசல் மேஜையில் இருக்கின்றன. இந்த முறை வீட்டு ஆள் நாள் கணக்குக்குத் தனிப் பக்கம் அச்சடித்திருக்கிறோம். நோட்டை வீட்டம்மாவின் பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. தராசை எடுத்துப் போனவர் யாரோ, அடுத்த அறுவடைக்குள் கொண்டு வந்து வைத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்