சஹானாவும் அட்டவணையும்

ஆசிரியருக்கு,

வணக்கம். புதிதாகக் கச்சேரி கேட்க வருபவர்களுக்காகச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 72 மேளகர்த்தா அட்டவணை (மேளம் என்றால் தாய் ராகம்), ஸ்வரங்கள் ஏறும் ஆரோகணம், இறங்கும் அவரோகணம், ராகத்தைச் சட்டென்று கண்டுபிடிக்கும் வழிகள் எல்லாம் இருந்தன. தகவலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு சபாவுக்குப் போகிறவர் பாட்டுக் கேட்பாரா, பரீட்சை எழுதுவாரா?

கட்டுரையாளர் காட்டிய சஹானா ராகத்தையே எடுத்துக்கொள்வோம். ஏறும்போது ஸ ரி க ம ப ம த நி ஸ. இறங்கும்போது ஸ நி த ப ம க ம ரி க ரி ஸ. 28ஆவது மேளமான ஹரிகாம்போதியின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். எல்லாம் சரிதான். இதே ஸ்வரங்களை ஆர்மோனியத்தில் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள், சஹானா வராது. காந்தாரம் எங்கே முடிந்தது, ரிஷபம் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் குரல் வழுக்கி இறங்குகிற இடத்தில்தான் அந்த ராகம் நெஞ்சை உருக்குகிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கியதற்கு, அதில் கமகம், அதாவது ஸ்வரத்தின் இந்த வழுக்கலும் அசைவும், பேசாது என்பதும் ஒரு காரணம். (பல ஆண்டுகள் நீடித்த அந்தத் தடை அதிகப்படி என்பது என் எண்ணம், அது வேறு கதை.) அட்டவணையிலும் கமகம் பேசுவதில்லை.

நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காகத் தோடி ராகம் வாசிப்பாராம். வீதியில் நின்று சொக்கிப்போனவர்களில் எத்தனை பேருக்கு அது 8ஆவது மேளம் என்று தெரிந்திருக்கும்?

கற்றுக்கொள்கிற பிள்ளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. பக்கவாத்தியக்காரருக்கு ராகம் பிடிபடாவிட்டால் மேடையில் உட்காரவே முடியாது. சென்னை மியூசிக் அகாடமியில் மார்கழிக் காலைகளில் வித்வான்கள் ஒரே ஒரு ஸ்வரத்துக்காக வாதாடட்டும். அதற்கான இடம் அது. மாலைக் கச்சேரியில் ஆலாபனை (சொல்லில்லாமல் ராகத்தை விரித்துப் பாடுவது) தொடங்கி நாலு பிடி போவதற்குள் பின்வரிசையில் 'ஆபோகியா, ஸ்ரீரஞ்சனியா?' என்று கிசுகிசுப்பதுதான் எரிச்சல். விடை கிடைத்ததும் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். இனிமேல்தான் ராகமே விரியப்போகிறது, இவர்களுக்கோ வேலை முடிந்துவிட்டது.

தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் இந்தப் பரீட்சைப் புத்தியை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டன. ஒரு சிறுமி கண்ணை மூடி, தன்னை மறந்து பாடி முடிக்கிறாள். அந்த நிமிஷம் அடங்குவதற்குள், 'இரண்டாவது சரணத்தில் சுருதி கொஞ்சம் இறங்கிடுச்சும்மா' என்கிறார் நடுவர். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அடுத்த வாரம் அவள் பிசகில்லாமல் பாடுகிறாள், கண்ணை மூடாமல், நடுவரின் முகத்தைப் பார்த்தபடியே. சோபாவில் சாய்ந்திருக்கும் நாமும் பாட்டை விட்டுவிட்டுப் பிசகைப் பிடிக்கக் காது தீட்டுகிறோம்.

கட்டுரை தொடரும் என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியில், பெயரைத் தேடாமல் முழுதாக உட்கார்ந்து கேட்க வேண்டிய ஆலாபனைகள் சிலவற்றைச் சொல்லச் சொல்லுங்கள். எந்த ராகம் என்பதைக் கடைசிப் பக்கத்தில் தலைகீழாக அச்சிட்டுக்கொள்ளலாம், குறுக்கெழுத்துப் போட்டி விடை மாதிரி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.