நெல் மூட்டைக்கும் சேர்த்து ஒரு நன்றி

எங்கள் பக்கத்தில் 'நன்றி நவிலல்' என்று தலைப்புப் போட்டால் ஒரு செத்தவீட்டின் 31ஆம் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம். நேரில் வந்தவர்கள், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர்கள், பந்தல் போட்டவர்கள், மலர்வளையம் கொண்டுவந்தவர்கள், சமைத்துத் தந்த அயலவர்கள் என்று வரிசையாக வரும். ஆகவே இதைப் பார்த்து யாரும் பதறவேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகம். செத்தது ஒரு அம்பிளிபயர் (அம்ப்), பாட்டின் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி. அதுவும் பிழைத்துவிட்டது. அதைப் பிழைக்க வைத்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடவேண்டாம் என்று இரண்டு பேர் கண்டிப்பாகச் சொன்னதால் ஒருவருடைய பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

நான் வளர்ந்த யுத்த காலத்தில் வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் ஆறு வோல்ற்றில்தான் இரவுச் செய்தி கேட்போம். சுற்றுகிறவன் நான். கை களைத்தால் செய்தி வாசிப்பவருக்குத் தொண்டை கட்டும். உடனே திண்ணையில் இருந்து ஏச்சு விழும். நல்ல சத்தத்துக்கு நல்ல கரண்ட் வேண்டும் என்று பத்து வயதிலேயே என் தோள்மூட்டுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் நாற்பது தாண்டியபின் செய்த வேலையைக் கேளுங்கள்.

கொழும்பில் பழைய சாமான் விற்கும் ஒரு கடையில் யப்பான் அம்பிளிபயர் ஒன்றும் எட்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் வாங்கினேன். மாமா விட்டுப்போன கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய வீட்டில் கிடந்தன. அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், தட்சணாமூர்த்தியின் தவில், கோயில் திருவிழாக்களில் யாரோ பதிந்தவை. அவற்றை ஒழுங்காக ஒருமுறை கேட்கவேண்டும் என்பதுதான் ஆசை. 'அப்படியே குத்தலாம்' என்றார் கடைக்காரர். பரந்தனுக்குக் கொண்டுவந்து அப்படியே குத்தினேன். பியூஸ் போனது. இன்னொன்று போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது முறை பியூஸைச் சுற்றிச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றினேன். ஆம், அதைத்தான் செய்தேன். புகை வந்தது.

யப்பானில் வீட்டுக்கு வருவது 100 வோல்ற். எங்களுக்கு 230. அங்கே உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்த பெட்டிகள் பலவற்றில் வோல்ற்றை மாற்றும் சுவிச்சே இருக்காது. பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 100 என்று போட்டிருந்ததை நான் எரிந்தபிறகுதான் வாசித்தேன்.

முதல் நன்றி, கிளிநொச்சியில் றேடியோ திருத்தும் ஐயாவுக்கு. கண் மங்கியதால் கடையை மூடிவிட்டவர். மூடியைக் கழற்றி மணந்து பார்த்தார். 'தம்பி, வெள்ளித்தாள் சுத்தினனீர் என்ன?' என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். அதற்குமேல் அவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. பிறகு ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 100இல் ஓடவேண்டிய சுற்றுக்கு 230 கொடுத்தால் உள்ளே எல்லாம் 2.3 மடங்கு ஏறப்பார்க்கும். 35 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 80. கரண்டைத் தேக்கி வைக்கும் கப்பாசிற்றர் 50 வோல்ற்றுக்குச் செய்தது, அதைத் தாங்குமா?

இன்னொரு அம்ப் வாங்குகிறேன் என்று சொன்னேன். 'வாங்காதையும். இதைத் திருத்தப் பழகும்' என்றார். ரான்ஸ்போமரின் முதற்சுருளோடு வைத்திருந்த, சூடேறினால் அறும் வெப்ப பியூஸ் அறுந்திருந்தது, அதனால் சுருள் தப்பிவிட்டது. ஒரு பக்கத்து வெளியீட்டு ரான்சிஸ்ரர்கள் இரண்டும் கருகிவிட்டன. பெரிய கப்பாசிற்றர்கள் வீங்கிவிட்டன. என் கையில் மல்ரி மீற்றரைத் தந்து ஒவ்வொன்றாக அளக்க வைத்தார். அவருக்குக் கண் தெரியாது, எனக்கு வேலை தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாக எட்டுச் சனிக்கிழமை இருந்தோம்.

திருத்தி, 230ஐ 100 ஆக இறக்கும் ரான்ஸ்போமர் ஒன்றை முன்னால் வைத்த பிறகும் நேரே கரண்டில் குத்த விடவில்லை. 100 வோற்ஸ் பல்ப் ஒன்றைத் தொடராகப் போட்டு அதனூடாகத்தான் கரண்ட் போகவேண்டும் என்றார். உள்ளே எங்காவது குறுக்கே முட்டியிருந்தால் பல்ப் முழுதாக எரியும், அம்ப் தப்பிவிடும். எல்லாம் சரி என்றால் ஒருமுறை மினுங்கி மங்கிவிடும். இதற்கு எல்ஈடி சரிவராது. பழைய இழை பல்ப்தான் வேண்டும். இந்தக் காலத்தில் அதற்கு எங்கே போவது? கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் கடைகடையாக ஏறி இறங்கினேன். கடைசியில் தர்மபுரத்தில் கோழி வளர்க்கும் ஒரு அக்கா, குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்ப்பைக் கழற்றித் தந்தார். 'பாட்டுப் பெட்டிக்கோ?' என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத் தந்தார். அக்கா, அது ஒருமுறை மினுங்கி மங்கியது. அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோசம் மகள் பிறந்த அன்றைக்கு வந்ததைவிடக் கொஞ்சம்தான் குறைவு. இதை மகளிடம் சொல்லவேண்டாம்.

ஐயா வாங்கியது பாகங்களின் விலை மட்டும். வற்புறுத்தியபோது பாலைப்பழக் காலத்தில் ஒரு பை கொண்டுவா என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்தது ஸ்பீக்கர். கூம்பைச் சுற்றியிருந்த பஞ்சு வளையம் தொட்டால் புட்டுமா மாதிரி உதிர்ந்தது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பஞ்சுக்கு ஆயுசு குறைவு. புது ஸ்பீக்கர் வாங்கத்தான் மறுபடியும் கை துடித்தது. அப்போதுதான் ஒரு உறவினர் மூலம் கனடாவில் இருக்கிற ஒரு அண்ணையின் தொடர்பு கிடைத்தது. நான் இன்னும் முகம் காணாத மனிதர். அங்கே பனி கொட்டும் இரவில், வேலை முடிந்து வந்து எனக்குக் குரல்பதிவு அனுப்புவார். என்ன வாங்கலாம் என்று நான் கேட்டால் அவர் பதிலுக்கு ஒரு அளவு கேட்பார். கூம்பின் வெளிவிட்டம் என்ன? சட்டத்தின் உள்விட்டம் என்ன? பழைய வளையத்தின் மேடு எத்தனை மில்லிமீற்றர்? அடிமட்டத்தோடு நான் முற்றத்தில் குந்தியிருப்பேன். எல்லா அளவும் சரியென்று ஆனபிறகு, கனடாவில் இருந்து ஊருக்கு வந்த ஒருவரின் பயணப் பையில் இரண்டு றப்பர் வளையங்கள் வந்தன. ஒட்டும்போது உள்ளே சுருள் நடுவில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் உரசும். பழைய எக்ஸ்ரே படத்தைக் கீலம் கீலமாக வெட்டி இடையில் செருகச் சொன்னார். மாமியாரின் முழங்கால் எக்ஸ்ரே அப்படித்தான் பயன்பட்டது.

பெட்டிப் பலகை மாரி ஈரத்தில் ஊதிப் பொருமியிருந்தது. வன்னியில் இருந்துகொண்டு முதிரை மரத்தில் பெட்டி செய்யாவிட்டால் என்ன மரியாதை என்று, தச்சுவேலை செய்யும் மாங்குளத்து ஓடாவியாரிடம் போனேன். அவர் மாட்டேன் என்றார். முதிரைக்கு விலை, ஏற்றிப் பறிக்கப் பேர்மிற். அதைவிட, சோளகக் காற்றில் காய்ந்து சுருங்கி மார்கழியில் ஈரம் குடிக்கும் மரத்தில் மூட்டு நிற்காது. '18 மில்லிமீற்றர் பிளைவுட் போதும், நடுவிலே ஒரு குறுக்குச்சட்டம் வைப்பம்.' உள்ளளவும் காற்றுக்குழாயின் நீளமும் பழையதுபோலவே இருக்கவேண்டும் என்று பௌதிகவியல் மாஸ்ரர் எழுதிக் கொடுத்திருந்தார். அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி, றிச்சட் ஸ்மோல் 1970களில் விரித்த, பெட்டியின் அளவுக்கும் அடிச்சத்தத்துக்கும் உள்ள கணக்காம் அது. ஓடாவியார் அந்தத் தாளை ஒருதரம் பார்த்துவிட்டு, பலகையின் தடிப்பைக் கழித்து வெட்டினார். ஒரு மில்லிமீற்றர் பிசகவில்லை. உள்ளே அடைக்க இலவம்பஞ்சும் அவர் வீட்டு மரத்தில் இருந்துதான் வந்தது.

எல்லாம் பூட்டிப் போட்டால் தவிலில் அடி இல்லை. தொப்பி என்கிற இடது பக்கத்தில் தடி விழும் சத்தம் எங்கோ பக்கத்து வளவில் கேட்கிறது. அம்ப்தான் பிழை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். விசுவமடுப் பக்கம் கோயில்களுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிற அண்ணை வேறு அலுவலாக வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தார். 'உன்ர ரெண்டு பெட்டியும் கோவிச்சுக்கொண்டு நிக்குதுகள். ஒண்டு வெளியாலை தள்ள மற்றது உள்ளுக்கை இழுக்குது.' மணிக்கூட்டில் இருந்த 1.5 வோல்ற் பற்றரியைக் கழற்றி, ஸ்பீக்கர் வயரில் ஒரு கணம் தொட்டுக் காட்டினார். ஒரு கூம்பு முன்னே வந்தது, மற்றது பின்னே போனது. ஒரு பெட்டியில் வயரை மாற்றிப் பூட்டியிருந்தேன். திருப்பிப் பூட்ட இரண்டு நிமிடம். செலவு இல்லை. தவில் வீட்டுக்குள் வந்து இருந்துகொண்டது.

பிறகு இரைச்சல். ஊம் என்று அடித்தொண்டையில் ஒரு முனகல். கசெற் பிளேயரையும் அம்பையும் வேறு வேறு சுவர்ப் பிளக்கில் குத்தியிருந்தேன். ஒரே பலகையில் குத்தப் பாதி போனது. மீதிக்கு மாஸ்ரர் வந்தார். அறையை அளந்தார். 3.5 மீற்றர் நீளம். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் ஓடும். அறையின் நீளத்தை இரட்டித்து, 350ஐ அதால் வகுத்தால் 50. இந்த அறை தானாகவே தூக்கிவிடும் சுரம் 50 ஹேர்ட்ஸ். கரண்டின் சுரமும் அதேதான். அது சுவரோரம் பெருத்துக் கேட்கும், அறையின் நடுவில் ஒடுங்கும். என் கதிரை எங்கே இருந்தது? சுவரோடு ஒட்டி. 'கதிரையை இழு' என்றார். இழுத்தேன். புது அம்புக்கு என்று எடுத்து வைத்த காசு மகளின் ரியூசனுக்குப் போனது.

இப்போது நெல் மூட்டைக்கு வருகிறேன்.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. சீமெந்து நிலம், வெறும் சுவர். கை தட்டினால் சுவருக்குச் சுவர் 'டிர்ர்' என்று ஓடும். ஆனால் நான் முதன்முதல் பெட்டிகளைப் போட்டது மாசியில், காலபோக நெல் வெட்டி முடிந்த கையோடு. பின்சுவர் முழுக்க நெஞ்சளவு உயரத்துக்கு 22 மூட்டை. பத்மநாதனின் நாதஸ்வரம் அவ்வளவு குழைவாகக் கேட்டது. சித்திரைக்கு முதல் நல்ல விலைக்கு நெல்லைக் கொடுத்தேன். அடுத்த கிழமை பாட்டுப் போட்டால் நாதஸ்வரம் தகரத்தைப் பிறாண்டுகிறது. ஏதோ பாகம் திரும்பவும் பழுது என்று கனடா அண்ணைக்கு நீளமான முறைப்பாடு அனுப்பினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'வீட்டிலை என்ன மாறினது?' ஒன்றும் மாறவில்லை என்று நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க, குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் அந்தப் பதிவுக்குள்ளேயே விழுந்துவிட்டது: 'நெல்லு வித்தது!'

கனடாவில் அவர் அதைக் கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் சிரித்திருப்பாரோ தெரியாது. எங்களுக்கு அவர் அனுப்பியது சிரிப்பு மட்டும்தான். சுவரின் எதிரொலியை விழுங்கிக்கொண்டிருந்தவை அந்த மூட்டைகள். எட்டு மாதமாக நாலைந்து பேரிடம் நான் பாடம் கேட்டது அவ்வளவும் இவளின் காதிலும் விழுந்திருக்கிறது, எனக்குத்தான் ஏறவில்லை.

அறைக்கு முட்டை மட்டை ஒட்டப்போன என்னை மாஸ்ரர் தடுத்தார். மெல்லிய மட்டையால் பெரிதாக ஒன்றும் ஆகாது, தடிப்பு வேண்டும் என்றார். இப்போது நெல் இருந்த இடத்தில் பழைய பஞ்சு மெத்தை இரண்டு நிற்கின்றன. பார்க்க வடிவில்லை. வந்தவர்கள் யாருக்காவது சுகமில்லையோ என்று கேட்கிறார்கள். ஆனால் தவிலில் கூடு போட்ட விரல் வேறு, தடி வேறு என்று பிரித்துக் கேட்க முடிகிறது.

ஒருவரும் எனக்கு ஒன்றும் விற்கவில்லை. வாங்காதே, அள, இழு, திருப்பிப் பூட்டு என்றுதான் சொன்னார்கள். காசு கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு மறந்திருப்பேன். இப்போது எப்படி மறப்பது? ஐயாவுக்கும், கனடா அண்ணைக்கும், ஓடாவியாருக்கும், மாஸ்ரருக்கும், லவுட்ஸ்பீக்கர் அண்ணைக்கும், குசினிக் குரலுக்கும் என் நன்றி. ஐப்பசி மின்னலுக்குப் பிளக்கைக் கழற்றி வைக்கச் சொன்னீர்கள், கழற்றுகிறேன். வெள்ளித்தாள் இனி இல்லை.

தர்மபுரத்து அக்கா, பல்ப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அடை வைத்த முட்டை பொரிக்க இன்னும் ஒரு கிழமை என்று சொன்னீர்கள், அதற்குள் கொண்டுவந்து தருவேன். இடையில் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது பெட்டி திருத்திவிட்டுக் குத்தப் பயந்துகொண்டிருந்தால், வியாழக்கிழமைக்கு முதல் வந்து பல்ப்பை வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
பரந்தனில் இருந்து, அம்ப் எரித்தவன்