பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ முடிவு வந்ததும் உங்கள் பத்திரிகையில் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்கள் வருகின்றன. எந்தப் படிப்புக்கு என்ன வேலை, எந்தக் கல்லூரிக்கு எவ்வளவு கட்-ஆஃப் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் பி.எஸ்சி. வேதியியலில் சேருகிற பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் என்ன நடத்துவார்கள், கல்லூரி திறக்கும்வரை வீட்டில் எதைப் படித்துக்கொண்டிருக்கலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. முதலாண்டுக்கு வேதியியல் நடத்துகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முதலாண்டு வேதியியல் பெரும்பாலும் பிளஸ் ஒன் பாடத்தின் தொடர்ச்சிதான். குவாண்டம் எண்கள், தனிம வரிசை அட்டவணை, வேதிப்பிணைப்பு, இனக்கலப்பு, கரிம வேதியியலில் தூண்டல் விளைவு, உடனிசைவு எல்லாம் பிளஸ் ஒன் புத்தகத்தின் இரண்டு தொகுதிகளில்தான் இருக்கின்றன. பிளஸ் டூவில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளிடம் அம்மோனியாவின் பிணைப்புக் கோணம் ஏன் 109.5 டிகிரியாக இல்லாமல் 107 ஆக இருக்கிறது என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கல்லூரிச் சேர்க்கைக்குப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத்தானே.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தபோது சொன்ன காரணமே, பல பள்ளிகள் அந்த வருடப் பாடத்தைத் தாவிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைக்கின்றன என்பதுதான். இப்போது 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்குப் பாரம் குறைகிறது, அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய பழக்கம் திரும்பி வந்தால் 2027இல் எங்களிடம் வரப்போகிற பிள்ளைகள்தான் திணறுவார்கள், அதனால்தான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அடுத்தது ஆய்வகம். பள்ளியில் தரம்பார்த்தலுக்கு (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவைக் கண்டுபிடிப்பது) கரைசல் பாட்டிலில் தயாராக இருக்கும், ஊற்றி, பியூரெட் என்ற அளவுக்குழாயைத் திறந்து, நிறம் மாறியதும் அளவைக் குறித்துக்கொண்டால் போதும். கல்லூரியில் பல இடங்களில் முதல் செமஸ்டரிலேயே பருமனறி பகுப்பாய்வு (தரம்பார்த்து அளவறிவது) வந்துவிடும், கரைசலை நீங்களே எடை போட்டுத் தயாரிக்கச் சொல்வார்கள். 250 மி.லி. 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலத்துக்கு எத்தனை கிராம் வேண்டும்? 1.575 கிராம். இந்தக் கணக்கில் சமான எடையை (ஒரு லிட்டர் 1 நார்மல் கரைசலுக்கு வேண்டிய கிராம் அளவு) ஏன் 63 என்று எடுக்கிறோம், 45 ஏன் இல்லை (படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் இருக்கின்றன, அதையும் சேர்த்துத்தானே தராசில் வைக்கிறோம்), பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு அமில ஊடகத்தில் 31.6 எப்படி வருகிறது, இதெல்லாம் புரிந்துவிட்டால் அந்த செமஸ்டரில் பாதி பயம் போய்விடும். பெர்மாங்கனேட் கரும் ஊதா, அதற்குப் பியூரெட்டில் கரைசலின் மேல் விளிம்பைப் பார்த்து அளவெடுக்க வேண்டும் என்பதையே கல்லூரிக்கு வந்துதான் சிலர் கேள்விப்படுகிறார்கள்.

ஆகவே கையில் இருக்கும் வாரங்களில் பிளஸ் ஒன் புத்தகத்தில் 1, 2, 3, 10, 11, 12ஆம் அலகுகளைப் படித்தால் போதும். முதல் அலகில் உள்ள மோல் கணக்குகளைப் பார்த்துவிட்டுப் போகாமல் பேனா எடுத்துப் போட்டுப் பாருங்கள். புத்தகம் கையில் இல்லையென்றால் அரசு இணையதளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழி வகுப்புக்குப் போகிறவர்கள் இரண்டு பதிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அலகு வரிசை ஒன்றுதான். மே மாதத்திலேயே காசு கொடுத்துத் தனி வகுப்பில் சேர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் கட்டடத்தைப் பார்க்கிறார்கள், பஸ் வசதியைப் பார்க்கிறார்கள், துணைப்பாடம் என்ன என்று கேட்பவர் குறைவு. சில இடங்களில் கணிதமும் இயற்பியலும், சில இடங்களில் தாவரவியல் அல்லது விலங்கியல். பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் தாவரவியல், விலங்கியல் படித்துவிட்டு வரும் பிள்ளை, கணிதம் துணைப்பாடமாக இருக்கும் இடத்தில் தெரியாமல் சேர்ந்துவிட்டு முதல் வருடமே அரியர் வைப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கணிதமே வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், இயற்பு வேதியியலுக்கு வகையிடலும் தொகையிடலும் கட்டாயம் தேவைப்படும், மேற்படிப்புக்கும் சில நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன. தெரிந்து சேருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். பட்டத்தின் பெயரையும் கவனியுங்கள். பயன்பாட்டு வேதியியல், தொழில் வேதியியல் என்று வேறு பெயரில் இருந்தால், ஆசிரியர் வேலைக்கும் அரசு வேலைக்கும் அது பி.எஸ்சி. வேதியியலுக்கு இணையானது என்ற அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். அப்புறம், முடிந்தால் ஆய்வகத்துக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், பியூரெட் ஆளுக்கு ஒன்றா, நான்கு பேருக்கு ஒன்றா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்த ஆண்டு உங்கள் வழிகாட்டிப் பக்கங்களில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வேதியியல் மட்டுமல்ல, இயற்பியலுக்கும் கணிதத்துக்கும் அந்தந்த ஆசிரியர்களிடமே கேட்டு வாங்கிப் போடலாம், எழுதித்தர நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.